அறுபத்திரண்டு சதவீதம்

இரவு ஒன்று நாற்பது. கால்வாய் ஓரமாகப் போகிற சாலை. இருபத்தெட்டு கிலோமீட்டருக்கு வீடு கிடையாது, கடை கிடையாது, விளக்குக் கம்பம் கிடையாது. எதிர்க்காற்று. ஒரே ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருக்கிறது... விளக்கு இல்லாமல்.

விளக்கு பழுதில்லை. ஓட்டுகிறவனே அணைத்திருந்தான்.

இருங்கள். ஏன் அணைத்தான் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இங்கே மழை விடுகிற மாதிரி இல்லை, கரன்ட் வருகிற மாதிரியும் இல்லை. நாம் ஏழு பேர், ஏழு சைக்கிள், செத்துப்போன ஒரு பிளக் பாயின்ட், அதில் நம்பிக்கையோடு தொங்குகிற ஏழு ஒயர். மழைக்கு ஒதுங்கிய லாரி அண்ணன் ஒருவர். பேய்க் கதை கேட்டது நர்ஸம்மா. கண்ணாடிக் கடைக்காரர் சொன்ன கதைக்கு எல்லோரும் சிரித்துவிட்டீர்கள். இப்போது என் முறை. எனக்குக் கதை சொல்ல வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

நடந்தது என் மனைவியின் பெரியம்மா மகனுக்கு. பாதியை அவளிடம் சொன்னான், அவள் என்னிடம் சொன்னாள். மீதியை, அவள் இறந்துபோன பிறகு, என்னிடமே வந்து சொன்னான். நான் சேர்த்தது எதுவும் இல்லை.

அவனை எல்லோரும் மீட்டர் என்பார்கள். தொழிற்சாலைகளில் இருக்கிற அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்து ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. வீட்டிலும் அதே புத்தி. காய்ச்சல் என்றால் இரண்டு தெர்மாமீட்டர் வைப்பான். ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்குமாம். இப்படிப்பட்டவன் பொய் சொல்லமாட்டான் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

ஒன்று சொல்லியிருந்தான்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு அவன் மாமனார் மருத்துவமனையில் கிடந்தார். மூச்சு இயந்திரத்தில். இனிப் பயனில்லை, எடுத்துவிடலாம், வீட்டில் ஒருவர் கையெழுத்துப் போடுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. மகள்தான் மீட்டரின் மனைவி. அவள் வெளியூரில் வேலையாக இருந்த மீட்டரைக் கூப்பிட்டாள். நீங்க வந்துடுங்க, தனியா என்னால போட முடியாது என்றாள். கிளம்பிட்டேன் என்றான். அதோடு போன் அணைந்துபோனது. இரண்டு நாள். அவள் தனியாகவே கையெழுத்துப் போட்டாள். மூன்றாம் நாள் வந்து நின்றான். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது, போனில் சார்ஜ் இல்லை என்றான்.

அவள் சண்டை போடவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒன்று மட்டும் சொன்னாள்.

"இனிமே எது வேணா சொல்லுங்க. சார்ஜ் இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. அதை மறுபடி கேட்டா, அன்னிக்கே நான் போயிடுவேன்."

அன்று முதல் அவன் போன் அணைந்ததில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று அவள் போனில் ஒரு நீலப் புள்ளி காட்டும். அது எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். அதுதான் ஒப்பந்தம். எழுதிக் கையெழுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

ஒன்பது நாள் சைக்கிள் பயணம் போகிறேன் என்று அவன் கேட்டபோது அவள் இரண்டு நிபந்தனை வைத்தாள். புள்ளி அணையக் கூடாது. தம்பியும் கூட வருவான்.

தம்பி பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறவன். வாயாடி. துணைக்கு அனுப்புகிறாளா, வேவு பார்க்க அனுப்புகிறாளா என்று மீட்டருக்கு அப்போதே ஒரு நெருடல். தலையாட்டினான்.

புள்ளி அணையாமல் இருக்க அவன் செய்த ஏற்பாடு நமக்கெல்லாம் தெரிந்ததுதான். லாரி அண்ணனுக்காகச் சொல்கிறேன். முன் சக்கரத்தின் நடுவில், குடத்துக்குள்ளேயே டைனமோ. டயரில் உரசுகிற பழைய மாதிரி இல்லை. சக்கரம் சுற்றினால் கரன்ட். நின்றால் இல்லை. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் போன் ஏறும். விளக்கும் எரிய வேண்டும், போனும் ஏற வேண்டும் என்றால் காணாது. அதனால் பகலில் பவர் பேங்க்குக்கு, இரவில் விளக்குக்கு என்று பிரித்துக்கொள்வோம். இன்னொன்று. சைக்கிள் நின்றதும் விளக்கு உடனே அணையாது. உள்ளே கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கும். நான்கு நிமிடம் மங்கலாக எரிந்துவிட்டு அணையும். சிக்னலில் நிற்கும்போது உங்களைப் போன்றவர்கள் மேலே ஏற்றிவிடக் கூடாது என்பதற்காக.

அண்ணன் சிரிக்கிறார். சரி. இந்த நான்கு நிமிடத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நாள் நன்றாகப் போனது. மீட்டர் காலையும் இரவும் எத்தனை சதவீதம் என்று நோட்டில் குறித்துக்கொண்டே வந்தான். மூன்றாம் இரவு ஒரு மரக்கடைக்குப் பின்னால் கூடாரம் போட்டார்கள். படுக்கும்போது பவர் பேங்க்கில் நான்கு புள்ளியும் எரிந்தது. முழுசு.

காலையில் ஒன்றுகூட எரியவில்லை.

ஒயரை எப்போதும் இடமிருந்து வலமாகச் சுற்றி வைப்பான். அது வலமிருந்து இடமாகச் சுற்றியிருந்தது. அவன் போன் பத்தொன்பது காட்டியது. மச்சான் போன் நூறு. நீங்கள் யாரைச் சந்தேகப்படுவீர்கள்?

"மாப்ள, ராத்திரி என் பவர் பேங்க்க எடுத்தியா?"

"எடுக்கல அத்தான்."

"உன் போன் நூறு காட்டுதே."

"என்னோடதுல ஏத்தினேன். உங்க பையைத் தொட்டா அதையும் நோட்ல எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

மீட்டர் விடவில்லை. ஒயர் சுற்றியதைக் காட்டினான். அக்கா சொல்லிக் கொடுத்தாளா என்று கேட்டான். அதைக் கேட்டதும் அந்தப் பையனுக்கு முகம் மாறிவிட்டது. சத்தம் போடாமல்தான் சொன்னானாம்.

"எங்கப்பா சாகும்போது தீர்ந்துபோன சார்ஜ்தானே அத்தான். இன்னும் ஏறலையா?"

மத்தியானம் அவன் சைக்கிளை ஒரு பஸ்ஸின் மேல் கட்டி ஏற்றிவிட்டு ஊருக்குத் திரும்பிப் போனான். மீட்டர் தனியாகக் கிளம்பினான். அவன் கணக்கு இது... தம்பி சார்ஜைத் தீர்க்க வேண்டும், புள்ளி அணைய வேண்டும், அக்கா பெட்டியைக் கட்ட வேண்டும். இரண்டு பேரும் பேசிவைத்துச் செய்கிறார்கள்.

கடையில் போட்டு ஏற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முந்தின நாள் காற்றில் மரங்கள் விழுந்து அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கக் கரன்ட் இல்லை. டீக்கடையில் கேட்டான், மெழுகுவர்த்தியைக் காட்டினார்கள். கரன்ட் இருக்கிற ஊர் அறுபது கிலோமீட்டர் தள்ளி. அதற்குப் போகிற வழிதான் இந்தக் கால்வாய்ச் சாலை. எதிர்க்காற்றில் எவ்வளவு மிதித்தாலும் மணிக்கு ஒன்பது, பத்து. அந்த வேகத்துக்குப் போன் ஏறாது.

இரவு பத்து மணிக்கு அவள் கூப்பிட்டாள். தம்பி எங்கே என்றாள். சார்ஜை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று, ரோட்டில் இருக்கேன், அப்புறம் பேசுறேன் என்று சொல்லி வைத்துவிட்டான். வைத்த பிறகுதான் உறைத்தது. அன்றைக்கும் இதே மாதிரிதான்... கிளம்பிட்டேன் என்று சொல்லி வைத்தான்.

அப்போது ஏழு சதவீதம்.

படுத்துத் தூங்கலாம். ஆனால் விடிவதற்குள் போன் செத்துவிடும். அதனால் ஓட்டினான். ஒன்று நாற்பதுக்கு மூன்று சதவீதம். அப்போதுதான் விளக்கை அணைத்தான். இருக்கிற கரன்ட் எல்லாம் போனுக்கே போகட்டும் என்று. நம்மைப் போன்றவர்கள் மட்டும்தான் இந்த முட்டாள்தனத்தைச் செய்வோம். ஊரில் இருக்கிற ஒருத்திக்கு நாம் தெரிய வேண்டும் என்பதற்காக, ரோட்டில் வருகிற லாரிக்குத் தெரியாமல் போவது.

அதுவும் பலிக்கவில்லை. வேகம் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஆடியது. போன் ஒரு வினாடி ஏறும், நின்றுவிடும். ஏறும், நிற்கும். ஒவ்வொரு தடவையும் திரை பளிச்சென்று எரியும். எரிகிற திரையே இருக்கிற சார்ஜைத் தின்றது. மூன்று, இரண்டு ஆனது.

வலது பக்கம் கால்வாய்த் தண்ணீரின் சத்தம். அதை வைத்துத்தான் ரோட்டில் இருந்தான்.

அப்போது... முன்னால் அவன் நிழல் விழுந்தது.

நீளமாக. ரோடு முழுக்க. பின்னால் ஒரு வெளிச்சம் வருகிறது. வெள்ளை. தாழ்வாக. இன்ஜின் சத்தம் இல்லை. அவன் வேகம் குறைத்தான். அந்த வெளிச்சமும் குறைந்து, நடுங்கியது. மெதுவாகப் போனால் டைனமோ விளக்குதான் அப்படி நடுங்கும். பேட்டரி விளக்கு நடுங்காது. பின்னால் வருகிறவன் மிதித்து வருகிறான்.

மீட்டருக்கு முதலில் வந்தது பயம் இல்லை. கோபம். மச்சான் பஸ்ஸில் போகவே இல்லை. பின்னாலேயே வந்து வேவு பார்க்கிறான்.

"மாப்ள" என்று கூப்பிட்டான்.

வெளிச்சம் மட்டும் நடுங்கிக்கொண்டே வந்தது.

இறங்கி நின்றான். வெளிச்சமும் நின்றது. முப்பது அடி இருக்கும். கண் கூசியதால் பின்னால் யார் என்று தெரியவில்லை. சரி, நிற்கட்டும். நான்கு நிமிடம். விளக்கு அணைந்து கண் பழகியதும் முகத்தைப் பார்த்துவிடுவேன் என்று முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றுகொண்டான். கையில் கடிகாரம். அவன்தான் மீட்டராயிற்றே.

நான்கு நிமிடம். மங்கவில்லை.

ஆறு நிமிடம்.

ஒன்பது.

அவன் நிழல் அப்படியே, முன்னால், கறுப்பாகக் கிடந்தது. நின்றுபோன சக்கரத்திலிருந்து ஒன்பது நிமிடமாக வெளிச்சம் வருகிறது... அப்படியென்றால் அது நிற்கவில்லை. அந்த இடத்திலேயே நின்றுகொண்டு மிதிக்கிறது.

காற்று விழுந்துவிட்டது. தண்ணீர்ச் சத்தமும் இல்லை. வேறு ஒரு சத்தம் கேட்டது. டக்... டக்... டக்... கூரையில் தொங்குகிற பழைய மின்விசிறி, ஒரு இறக்கை எதிலோ இடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுகிற சத்தம். திறந்த வெளியில். கூடவே ஒரு வாசனை. பினாயில் போட்டுத் துடைத்த தரை. அதற்குக் கீழே, காயாத மெத்தை.

அந்த வாசனை அவனுக்குத் தெரியும்.

அந்த இரண்டு நாளும் அவன் எந்தப் பஸ்ஸிலும் மாட்டிக்கொள்ளவில்லை. மருத்துவமனைக்கு நாற்பது நிமிடத் தூரத்தில் ஒரு லாட்ஜில் இருந்தான். தனியாக. வேறு பெண் யாரும் இல்லை, குடி இல்லை. அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் நிற்க அவனால் முடியவில்லை. அவ்வளவுதான். போனை அணைத்துவிட்டு மெத்தையில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதை அவன் ஒரு உயிரிடமும் சொன்னதில்லை.

எனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? சொல்கிறேன், இருங்கள்.

கையில் போன் அதிர்ந்தது. பார்த்தான். சார்ஜ் ஏறுகிறது.

சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிறது. சக்கரம் அசையவில்லை. ஒயர் அவனுடைய டைனமோவிலிருந்துதான் வருகிறது. இரண்டு... மூன்று... ஐந்து... மூச்சு விடுகிற வேகத்தில் ஏறுகிறது. சக்கரக் குடத்தின் மேல் கை வைத்துப் பார்த்தான். சுற்றவில்லை. ஆனால் உள்ளே உறுமியது. சூடாக இருந்தது. உடம்புச் சூடு.

ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். நானாக இருந்தால் பிடுங்கியிருப்பேன் என்று நீங்கள் ஒவ்வொருவரும் நினைக்கிறீர்கள். அவனும் நினைத்தான். முப்பது வரட்டும், பிடுங்கிவிடலாம் என்று நினைத்தானாம். முப்பது வந்தது. நாற்பது வந்தால் நாளை முழுக்கத் தாங்குமே என்று நினைத்தானாம்.

நாற்பது. ஐம்பது. அறுபது.

அறுபத்திரண்டில் நின்றது.

பின்னால், காதுக்கு ஒரு சாண் தூரத்தில் ஒரு குரல் கேட்டது. சாதாரணக் குரல். கடையில் எடை போடுகிறவர் கேட்கிற மாதிரி.

"போதுமா?"

"போதும்" என்றான் மீட்டர்.

வெளிச்சம் அணைந்தது. மங்கி அணையவில்லை. சட்டென்று. நிழலும் போயிற்று. திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வந்தபோது அங்கே ரோடு மட்டும் இருந்தது.

குரல் யாருடையது என்று கேட்காதீர்கள். நாம் பேசுவது நம் காதுக்கு ஒரு மாதிரி கேட்கும், பதிவு செய்து கேட்டால் வேறு மாதிரி கேட்கும் இல்லையா... அந்த வேறு மாதிரி.

அறுபத்திரண்டு என்ன என்று நர்ஸம்மா கேட்கிறார். லாட்ஜில் இரண்டாம் நாள் மத்தியானம் ஒரே ஒரு தடவை போனை உயிர்ப்பித்துப் பார்த்தான். மிஸ்டு கால் முப்பத்தொன்று. எல்லாம் அவள். மேலே மூலையில் சார்ஜ், அறுபத்திரண்டு. ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தான். மறுபடி அணைத்தான். அவன் சொல்லாமல் ஒளித்ததில் மோசமான இடம் அந்த ஒரு நிமிடம்தான். அவனுக்கே அது தெரியும்.

நேரம் இரண்டு பத்து. வீட்டுக்குக் கூப்பிட்டான். அவள் குரலைக் கேட்டால் போதும் என்றிருந்தது. லைன் பிஸி.

ஐந்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டான். பிஸி. இரண்டரைக்கு, மூன்றுக்கு, மூன்றரைக்கு... பிஸி. இந்த நேரத்தில் யாரோடு பேசுகிறாள்? பேயை மறந்துவிட்டான். உண்மையாகவே மறந்துவிட்டான். விளக்கைப் போட்டுக்கொண்டு வெறி பிடித்த மாதிரி மிதித்தான். இரண்டு வருடமாக என்னைப் புள்ளியாகப் பார்த்தாளே, இவளுக்கு யார் புள்ளி வைத்தார்கள் என்றுதான் மனதில் ஓடியதாம்.

மூன்று நாற்பத்தொன்றுக்கு மணி அடித்தது. எடுத்தாள். அழுது ஓய்ந்த குரல். ஆனால் இளகிய குரல். அப்படி அவள் பேசி இரண்டு வருடம் இருக்கும்.

"இப்பத்தானே வச்சீங்க. இன்னும் ஏதாவது இருக்கா சொல்றதுக்கு?"

இவன் பிரேக்கைப் பிடித்து நின்றான்.

"போதுங்க. லாட்ஜ், ஃபேன் எல்லாம் கூடப் பரவாயில்ல. ஆன் பண்ணிப் பார்த்தேன், முப்பத்தொண்ணு இருந்துச்சு, பார்த்துட்டு அணைச்சேன்னு சொன்னீங்களே... அதைச் சொன்னீங்க பாருங்க. எனக்கு அது போதும். நான் எங்கயும் போகல. பத்திரமா வாங்க."

இந்த இடத்தில் அவன் ஒன்று சொல்லியிருக்க வேண்டும். அது நான் இல்லை என்று.

"ம்" என்றான்.

மச்சான் ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டேகால். அக்கா அழுவதைப் பார்த்துப் பதறி உட்கார்ந்திருக்கிறான். அவள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்க வைத்திருக்கிறாள். மீட்டர் திரும்பி வந்ததும் அவன்தான் முதலில் வந்து மன்னிப்புக் கேட்டான். நான் உங்களைத் தப்பா நினைச்சிட்டேன் அத்தான், ஆனா சத்தியமா பவர் பேங்க்கை நான் தொடல என்றான். அவன் எடுத்திருந்தால் நன்றாக இருக்கும் என்று மீட்டருக்குத் தோன்றியது. எடுத்ததாக ஒப்புக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சாத குறை. பிறகு அந்தப் பையன் யோசித்து ஒன்று சொன்னான்.

"ஒண்ணரை மணி நேரம் பேசினீங்க. ரோட்டுச் சத்தம், சக்கரச் சத்தம் எல்லாம் கேட்டுச்சு. எதிர்க்காத்துல மிதிச்சுக்கிட்டே பேசுறீங்க... ஒரு தடவை கூட மூச்சு வாங்கல அத்தான் நீங்க."

புள்ளியையும் அவன் பார்த்திருக்கிறான். அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அது நகர்ந்துகொண்டே இருந்தது. வீட்டைப் பார்த்து. மீட்டர் ஓட்டிக்கொண்டிருந்தது எதிர்த் திசையில்.

இங்கே வரைக்கும்தான் என் மனைவி எனக்குச் சொன்னது. அவள் இதைச் சொல்லும்போது, நல்லதுதானே நடந்தது என்பாள். குடும்பம் பிழைத்தது. பேயாவது உண்மையைச் சொன்னது. அவளுக்கு இது பயமான கதையாகவே தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியவில்லை.

மீதி இது.

வீட்டில் எல்லாம் நன்றாக இருந்தது. அவள் சிரித்தாள். சேர்ந்து சாப்பிட்டார்கள். புள்ளியை அவளே எடுத்துவிட்டாள், இனி வேண்டாம் என்று. ஒரு மாதம் கழித்து ஒரு இரவு மீட்டர் விழித்துப் பார்த்தான். பக்கத்தில் அவள் இல்லை. பால்கனியில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள். தாழ்ந்த குரலில். நடு நடுவே சிரிப்பு. மணி இரண்டு பத்து.

காலையில் அவள் குளிக்கப் போனபோது அவள் போனை எடுத்துப் பார்த்தான். இத்தனை வருடத்தில் முதல் தடவை. வந்த அழைப்பு, ஒன்றரை மணி நேரம். நம்பர்... அவனுடையது. அவன் போன் இரவெல்லாம் மேசை டிராயரில் அணைந்து கிடந்தது. உயிர்ப்பித்தான். அதில் எந்த அழைப்பும் இல்லை. சார்ஜ் அறுபத்திரண்டு.

அந்தச் சக்கரத்தை விற்றான். போனை விற்றான். நம்பரையே ஒப்படைத்துவிட்டுப் புது நம்பர் வாங்கினான். பழைய நம்பரிலிருந்து வருவது நிற்கவில்லை. முதலில் வாரம் ஒரு முறை. பிறகு தினமும்.

ஆமாம், கண்ணாடிக் கடைக்காரரே, அதைத்தான் நானும் கேட்டேன். பொண்டாட்டியிடம் நேராகச் சொல்லிவிட வேண்டியதுதானே, பேசுவது நான் இல்லை என்று. அவன் என்னைப் பார்த்த பார்வை... சொன்னால் அவள் என்ன கேட்பாள்? அப்போ அந்த லாட்ஜ் கதையைச் சொன்னது யாரு, நீங்க இல்லையா, அப்போ நீங்க எனக்குச் சொன்னது என்ன? அவன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். சார்ஜ் இல்லை. அவளிடம் உண்மையைச் சொன்னவன் வேறு ஒருவன். அவள் மன்னித்தது அவனை. மீட்டர் அந்த மன்னிப்பில் குடியிருக்கிறான், வாடகைக்கு.

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினான். நான் விழித்திருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் விழித்துத்தான் இருப்பேன். அடுப்படியில் உட்கார வைத்துக் காபி போட்டுக் கொடுத்தேன். பால் வேண்டாம், கறுப்பாகக் கொடு என்றான். இரண்டு டம்ளர் குடித்தான். மூன்றாவது கேட்டான். கண் உள்ளே போயிருந்தது. நான்கு நாளாகத் தூங்கவில்லை என்றான். தூக்கம் வராமல் இருக்க ஏதாவது மாத்திரை இருந்தால் சொல்லு என்றான்.

தூக்கம் வருவதற்குத்தானே எல்லோரும் மாத்திரை கேட்பார்கள் என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தான். நான்கு நாளுக்கு முன்பு பால்கனிக் கதவுக்குப் பின்னால் போய் நின்று கேட்டானாம். இருட்டில். மூச்சை அடக்கிக்கொண்டு. அவள் அன்று சிரிக்கவில்லை. குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்கிறது. அதற்கு அவள் சொன்ன பதில் மட்டும்தான் இவன் காதில் விழுந்தது.

"இல்லைங்க... அவர் இன்னும் தூங்கல. தூங்கினதும் நானே சொல்றேன். அப்புறம் உள்ள வாங்க."